பொதுத் தேர்வு ஆண்டில் இளையோர் நாவல்கள்: நெல்லைப் பிள்ளைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

“தேர்வு முடியட்டும், கதைப் புத்தகம் எங்கே ஓடிவிடப் போகிறது?” பத்தாம் வகுப்போ பிளஸ் டூவோ படிக்கும் பிள்ளை இருக்கும் வீடுகளில் ஜூன் முதல் மார்ச் வரை இந்தக் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கும். புத்தகம் ஓடாதுதான். பதினாறு வயது ஓடிவிடும். தோழியோடு பேச்சு நின்றுபோன நாளில், அப்பாவின் கோபத்துக்குக் காரணம் புரியாத இரவில், என்னவாகப் போகிறோம் என்ற யோசனை தூங்கவிடாத வாரத்தில், நம் வயதுக்காரர் ஒருவரின் கதை கையில் இருப்பது பெரிய துணை. அதே நாவலை இருபத்தைந்து வயதிலும் படித்து ரசிக்கலாம். ஆனால் அது துணைக்கு வரவேண்டிய நேரம் அப்போது கடந்திருக்கும். அதனால் பரபரப்பான ஆண்டில் நாவலை நிறுத்தாதீர்கள். அந்தந்த வாரத்துக்குத் தக்க நாவலைத் தேர்ந்தெடுங்கள் என்பதே நான் சொல்ல வந்தது.

நான் இப்போது பாளையங்கோட்டையில் கல்லூரி முதலாண்டு படிக்கிறேன். சேரன்மகாதேவியிலிருந்து ரயிலிலும் பஸ்ஸிலும் வந்து பிளஸ் டூ படித்த ஆண்டில் இளையோர் நாவல்களை விடாமல் வாசித்தேன். இதில் உள்ளவை எனக்கும் என் தோழிகளுக்கும் உதவிய வழிகள்.

இளையோர் நாவல் என்றால் பொதுவாகப் பன்னிரண்டு முதல் பதினெட்டு வயது வாசகரை மனத்தில் வைத்து எழுதப்பட்ட கதை. நாயகனுக்கும் நாயகிக்கும் ஏறக்குறைய அதே வயதுதான் இருக்கும். சிக்கல் வந்தால் அதைத் தீர்த்துவைக்கப் பெரியவர்கள் வரமாட்டார்கள். முடிவெடுக்க வேண்டியது அந்தப் பிள்ளை. ஆங்கிலத்தில் இந்த வகைக்கு வழிதிறந்த நாவல்களில் ஒன்று ‘தி அவுட்சைடர்ஸ்’. அது 1967இல் வெளிவந்தபோது அதை எழுதிய எஸ்.இ. ஹின்டனுக்குப் பதினெட்டு வயது. எழுதத் தொடங்கியது பதினைந்தில், பள்ளிக்குப் போய்க்கொண்டே. பள்ளி நாட்களில் ஒருத்தி நாவலையே எழுதியிருக்கிறாள் என்றால் நம்மால் ஒன்றைப் படிக்க முடியாதா?

1. ஆண்டுக் காலண்டரைப் பிரித்துக்கொள்ளுங்கள்

‘தினமும் ஒரு மணி நேரம் வாசிப்பேன்’ என்ற உறுதி ஜூலை தாண்டாது. எல்லா வாரமும் ஒரே மாதிரி இருப்பதில்லை என்பதை முதலிலேயே ஏற்றுக்கொள்வது நல்லது. ஒரு தினசரிக் காலண்டரை எடுத்து, பள்ளி ஆண்டை மூன்று வண்ணங்களில் குறியுங்கள்.

ஜூன், ஜூலை, ஆகஸ்ட் பச்சை. பாடம் தொடங்கியிருக்கும், சுமை ஏறியிருக்காது. தென்காசிப் பக்கத்திலிருந்து சாரல் காற்று வீசும், நெல்லையப்பர் கோவில் ஆனித் தேரோட்டத்துக்கு உள்ளூர் விடுமுறையும் கிடைக்கும். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு வரும் வாரங்கள் சிவப்பு. அதற்குப் பிந்திய விடுமுறை மறுபடி பச்சை. அக்டோபர் பாதி முதல் நவம்பர் முடிய மஞ்சள். வடகிழக்குப் பருவமழையின்போது மாவட்ட ஆட்சியர் திடீரென்று விடுமுறை அறிவிப்பார். அந்த மழை விடுமுறைகளை எதிர்பார்த்து ஒரு புத்தகம் வீட்டில் தயாராக இருக்கட்டும், ஏனென்றால் அன்று நூலகத்துக்குப் போக முடியாது. டிசம்பர் அரையாண்டுத் தேர்வு சிவப்பு. பொங்கலுக்குப் பிறகு திருப்புதல் தேர்வுகள், பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத் தேர்வு என்று எல்லாம் சிவப்புதான். ஆனாலும் சிவப்பு வாரத்தில் வாசிக்கவே கூடாது என்று பொருளில்லை. அதற்கென்று வேறு வகைப் புத்தகங்கள் இருக்கின்றன, கீழே சொல்கிறேன்.

2. நாளுக்குள் ஒளிந்திருக்கும் நேரம்

பள்ளி விட்டு டியூஷன் தொடங்கும் வரை பலருக்கு அரை மணி நேரமாவது கிடைக்கிறது. அதில் பாதி பேச்சுக்கும் டீக்கடை வடைக்கும் போகட்டும், அதுவும் தேவைதான். மீதிப் பாதியில் ஏழெட்டுப் பக்கங்கள் நகரும். இரவில் விளக்கை அணைப்பதற்கு முன் இன்னும் ஏழெட்டு. நாளுக்குப் பதினைந்து பக்கம் என்றால் இரண்டு வாரத்தில் 210 பக்கங்கள், அதாவது நடுத்தரமான ஒரு நாவல். பாட நேரத்தில் ஒரு நிமிடமும் குறையவில்லை.

பயணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு அதுதான் பெரிய நேரம். செங்கோட்டையிலிருந்து அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி வழியாக வரும் பாசஞ்சர் ரயில் வாசிப்புக்கு மிகச் சிறந்த இடம். உட்கார இடம் கிடைத்தால் ஜங்ஷன் வரும் வரை யாரும் தொந்தரவு செய்வதில்லை. திருச்செந்தூர் பாதையில் வருகிறவர்களுக்கும் இதே வசதி உண்டு. டவுன் பஸ் வேறு மாதிரி. காலையில் வண்ணார்பேட்டை தாண்டும் வரை நிற்கக்கூட இடம் இருக்காது, அங்கே புத்தகத்தைத் திறப்பது பக்கத்தில் நிற்பவர்களுக்கும் இடைஞ்சல். ஓடும் பஸ்ஸில் படித்தால் சிலருக்குத் தலை சுற்றும், குமட்டும். உடம்பு அசைவதை உணரும்போது கண் அசையாத பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதால் வரும் தொல்லை அது. அப்படிப்பட்டவர்கள் பஸ்ஸில் படிக்க முயல வேண்டாம். முந்தின இரவு படித்த பகுதியை மனத்தில் ஓட்டிப் பார்த்துக்கொண்டு, அடுத்து என்ன நடக்கும் என்று ஊகித்துக்கொண்டே வாருங்கள். அதுவும் வாசிப்பின் ஒரு பகுதிதான்.

இரவு வாசிப்புக்கு ஒரே ஒரு நிபந்தனை: கைபேசி வேறு அறையில் இருக்க வேண்டும். நேரம் பார்க்கச் சுவர்க் கடிகாரம் போதும்.

3. வாரத்துக்கு ஏற்ற புத்தகம்

இந்த வழிகாட்டியில் மிக முக்கியமான படி இது. ‘எந்தப் புத்தகம் நல்ல புத்தகம்’ என்று கேட்பதைவிட ‘இந்த வாரம் எனக்கு எந்தப் புத்தகம்’ என்று கேட்க வேண்டும். கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியவை: மொத்தப் பக்கங்கள், ஓர் அத்தியாயத்தின் நீளம், தொடர்ச்சியாக வேறு பாகங்கள் உண்டா என்பது. பிறகு முதல் பக்கத்தை நின்றபடியே படித்துப் பாருங்கள்.

தொடர் நாவல்களைப் பச்சை வாரங்களுக்கு ஒதுக்குங்கள். சூசன் காலின்ஸ் எழுதி 2008இல் வெளிவந்த ‘தி ஹங்கர் கேம்ஸ்’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தங்கையைக் காப்பாற்றத் தானே சாவு விளையாட்டுக்குப் போகும் பதினாறு வயதுப் பெண் காட்னிஸின் கதை. அதில் 27 அத்தியாயங்கள். ஆசிரியர் அதற்கு முன் தொலைக்காட்சிக்கு எழுதியவர். ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவும் அடுத்ததைத் திறக்காமல் விடாது. அதை முடித்தால் இரண்டாம் பாகம் கூப்பிடும், பிறகு மூன்றாம் பாகம். திருப்புதல் தேர்வுக்கு முந்தின வாரத்தில் இதைத் தொடங்கினால் புத்தகத்துக்கும் நியாயம் செய்ய முடியாது, இயற்பியலுக்கும் முடியாது. காலாண்டு விடுமுறையில் படுத்துக்கொண்டு படியுங்கள்.

மஞ்சள் வாரங்களுக்கு, தானாக முடிந்துவிடும் ஒற்றை நாவல்கள். மேலே சொன்ன ‘தி அவுட்சைடர்ஸ்’ பன்னிரண்டு அத்தியாயங்களில் முடியும். ஒரே ஊரின் வசதியான பையன்களும் வசதியில்லாத பையன்களும் மோதிக்கொள்வதைப் பதினான்கு வயதுப் பையன் சொல்கிறான். அமெரிக்கக் கதைதான் என்றாலும், பள்ளிச் சீருடைக்குள்ளும் யார் எந்தத் தெரு என்று தெரிந்துகொண்டே பழகும் நமக்கு அது அந்நியமாக இருக்காது.

தமிழில் எடுத்தால், கோவில்பட்டிக்காரரான உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’. 2023ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் பெற்ற இளையோர் நாவல். கீழடியின் பழைய காலத்துக்குள் நம்மை அழைத்துப் போகிறது. ஆதிச்சநல்லூர் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்விட்டு வந்து இந்த நாவலைப் படித்தால், வரலாற்றுப் பாடத்தில் ஒரு பத்தியாக இருந்த முதுமக்கள் தாழிக்குப் பின்னால் மனிதர்கள் தெரிவார்கள். யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ 2020ஆம் ஆண்டுக்கான அதே விருதைப் பெற்றது. தவறான தொடுதலைப் பற்றி ஒரு சிறுமி பேசத் துணியும் கதை. எட்டாம் வகுப்புத் தங்கை இருந்தால் நீங்கள் படித்தபின் அவளிடம் கொடுங்கள். அம்மாவும் படிக்கலாம்.

இளையோர் நாவல் என்ற பெயர்ச்சீட்டு ஒட்டாத சில புத்தகங்களும் பதினாறு வயதுக்கு நன்றாகப் பொருந்தும். வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ 1977இல் வந்தது. மணப்பாட்டுக் கடற்கரை, வல்லம் என்ற நாட்டுப் படகுக்கும் லாஞ்சு என்ற விசைப்படகுக்கும் நடக்கும் தகராறு, நடுவில் பிலோமி என்ற இளம்பெண். அவள் காதல் கைகூடாமல் போகிறது. அவளோ யார்மீதும் வெறுப்பை வளர்த்துக்கொள்வதில்லை. இதை நான் அரையாண்டு விடுமுறையில் படித்தேன். உலகத்தின் எந்த இளையோர் நாவலுக்கும் பக்கத்தில் வைக்கத் தகுந்தது என்று உறுதியாகச் சொல்வேன். மெல்லிய புத்தகம், அதோடு நம் பக்கத்துப் பேச்சு. கி. ராஜநாராயணனின் ‘பிஞ்சுகள்’ இன்னும் சிறியது. கரிசல் காட்டில் பறவைகளைத் தேடி அலையும் ஒரு பையனின் உலகம்.

சிவப்பு வாரங்களுக்கு கவிதை வடிவில் எழுதப்பட்ட நாவல்களைப் பரிந்துரைப்பேன். தான்ஹா லாய் எழுதிய ‘இன்சைடு அவுட் அண்ட் பேக் அகெய்ன்’ 2011இல் வந்தது. வியட்நாம் போரின் முடிவில், 1975இல் சைகோன் நகரம் வீழ்ந்தபோது குடும்பத்தோடு கப்பலேறி அமெரிக்காவின் அலபாமாவுக்குப் போய்ச் சேரும் ஹா என்ற சிறுமியின் கதை, சின்னச் சின்னக் கவிதைகளாக. ஒரு கவிதைக்கு இரண்டு மூன்று நிமிடங்கள் போதும், படித்துவிட்டு மூடிவைக்கலாம். புதிய மொழியில் வாய் திறக்க அவள் கூச்சப்படும் இடங்களைத் தமிழ் வழியில் படித்து ஆங்கிலத்துக்குத் திணறும் யாரும் தன் கதையாகவே உணர்வார்கள். க்ரியா வெளியிட்ட ‘குட்டி இளவரசன்’ தமிழ் மொழிபெயர்ப்பும் இப்படிப்பட்ட வாரங்களுக்கு ஏற்றது. ஏற்கெனவே படித்த நாவலில் பிடித்த அத்தியாயத்தை மட்டும் மறுபடி படிப்பதும் உண்டு. கதை தெரியும் என்பதால் அது தூக்கத்தைக் கெடுக்காது.

4. புத்தகம் கிடைக்கும் இடங்கள்

பாளையங்கோட்டையில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. சுற்றியுள்ள ஊர்களில் கிளை நூலகங்களும் ஊர்ப்புற நூலகங்களும் உண்டு. உறுப்பினர் படிவத்தோடு முகவரிச் சான்று, சிறிய காப்புத் தொகை, ஆண்டுச் சந்தா ஆகியவற்றைக் கொடுத்தால் போதும். கூச்சப்படவே வேண்டாம். 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின்படி சொத்து வரியோடு நூலக வரியும் வாங்கப்படுகிறது, இப்போது அது ரூபாய்க்குப் பத்துப் பைசா. உங்கள் வீட்டில் அந்தப் பணத்தை ஏற்கெனவே கட்டியிருக்கிறார்கள்.

நூலகத்தில் இளையோர் நாவல்களுக்குத் தனி அலமாரி இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பாதி சிறுவர் பகுதியிலும் மீதி நாவல் பகுதியிலும் கலந்து கிடக்கும். இரண்டு இடத்திலும் தேடுங்கள். நூலகரிடம் “பெரிய பிள்ளைகளுக்கான நாவல் ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்டால் பெரும்பாலும் எழுந்து வந்தே எடுத்துத் தருவார். திருப்பித் தரவேண்டிய நாளைக் காலண்டரிலும் குறித்துவையுங்கள். தேர்வு வாரத்தில் அந்த நாள் விழுந்தால் அண்ணனிடமோ தாத்தாவிடமோ முன்பே சொல்லிவையுங்கள்.

பொருநை நெல்லை புத்தகத் திருவிழா வரும்போது உண்டியல் பணத்தோடு போங்கள். ஆனால் அங்கே வாங்கும் முன் நூலகத்தில் இருக்கிறதா என்று பார்த்திருப்பது சிக்கனம். மிகச் சிக்கனமான வழி வகுப்புக்குள்ளேயே இருக்கிறது. ஐந்து தோழிகள் ஆளுக்கொரு புத்தகம் வாங்கி மாற்றிக்கொண்டால் ஐந்து புத்தகம். கடைசிப் பக்கத்தில் பெயரும் வாங்கிய தேதியும் எழுதிக் கையெழுத்துப் போடும் வழக்கத்தை வைத்துக்கொண்டால் சண்டை வராது.

5. ஆங்கில நாவலைத் தமிழ் வழி மாணவர் படிப்பது

முதல் முப்பது பக்கங்கள் கடினமாகத்தான் இருக்கும். பெயர்கள் பழகவில்லை, இடம் பிடிபடவில்லை. இதை மொழிக்குறை என்று நினைத்துப் பலர் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். அகராதியைப் பக்கத்தில் வைக்காதீர்கள். தெரியாத சொல்லைத் தாண்டிப் போங்கள். அதே சொல் மூன்றாவது தடவை வந்து, அதில்லாமல் கதை நகரவில்லை என்றால் மட்டும் பாருங்கள். நூலகப் புத்தகத்தில் அடிக்கோடு கூடாது, ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொள்ளலாம்.

திரைப்படமாக வந்த கதை என்றால் படத்தை முதலில் பார்ப்பதில் தவறே இல்லை என்பது என் கருத்து. முகங்களும் பெயர்களும் மனத்தில் பதிந்துவிட்டால் முதல் முப்பது பக்கச் சுமை குறைகிறது. படத்தில் வராத எண்ணங்கள், தயக்கங்கள் எல்லாம் புத்தகத்தில் புதிதாகவே இருக்கும்.

6. எங்கே நிறுத்துவது

அத்தியாயத்தின் முடிவில் நிறுத்தலாம் என்று நினைத்துத்தான் இரவு ஒரு மணி வரை விழித்திருக்கிறோம். அத்தியாயத்தின் முடிவு நம்மை நிறுத்துவதற்காக எழுதப்பட்டதில்லை. கதவுக்குப் பின்னால் யார் என்று தெரியும் முன் அங்கே வெட்டியிருப்பார்கள். அதனால் அத்தியாயத்தின் நடுவில், ஒரு பேச்சோ சண்டையோ ஓய்ந்து பாத்திரங்கள் சாப்பிடவோ நடக்கவோ தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். மனம் அங்கே தானாகவே தளர்ந்திருக்கும். மறுநாள் உள்ளே நுழைவதும் எளிது.

நிறுத்தும்போது ஒரு சின்ன நோட்டில் இரண்டு வரி எழுதுங்கள்: கதை இப்போது எங்கே நிற்கிறது, நாயகிக்கு இப்போது என்ன வேண்டும். சிவப்பு வாரம் குறுக்கிட்டுப் பத்து நாள் கழித்துப் புத்தகத்தைத் திறக்கும்போது இந்த இரண்டு வரி இருந்தால் பின்னோக்கிப் புரட்ட வேண்டியதில்லை. பாதியில் கைவிடப்படும் புத்தகங்கள் பெரும்பாலும் பிடிக்காமல் விடப்பட்டவை அல்ல, விட்ட இடம் மறந்துபோனவை.

உண்மையிலேயே பிடிக்காத புத்தகமும் உண்டு. ஐம்பது பக்கம் கொடுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் திறக்க மனம் வராவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விருது வாங்கிய புத்தகமாக இருந்தாலும் சரி.

7. வீட்டாரிடம் பேசுவது

பாடப் புத்தகத்துக்குள் நாவலை ஒளித்துப் படிக்க வேண்டாம். மாட்டிக்கொண்டால் நாவல் மட்டுமல்ல, உங்கள்மேல் இருக்கும் நம்பிக்கையும் போகும். மூன்று வண்ணக் காலண்டரை அம்மாவிடம் காட்டுங்கள். “சிவப்பு வாரத்தில் நாவல் ஹாலில் உங்கள் அலமாரியில் இருக்கும், படுக்கும் முன் பத்து நிமிடம் மட்டும் எடுப்பேன்” என்று நீங்களே முன்வந்து சொன்னால் பெரும்பாலான வீடுகளில் ஒப்புக்கொள்வார்கள். சொன்னதைக் காப்பாற்றினால் அடுத்த முறை கேட்கக்கூட வேண்டியிருக்காது.

வீட்டில் ஆச்சி இருந்தால் கொடுத்துவைத்தவர்கள். படித்த பகுதியை அவர்களிடம் கதையாகச் சொல்லுங்கள். என் ஆச்சி காட்னிஸ் கதையைக் கேட்டுவிட்டு, “அந்தப் பிள்ளையின் தாய்க்கு என்ன ஆயிற்று, அவள் ஏன் வாயே திறக்கவில்லை?” என்று கேட்டார்கள். அந்தத் தாயைப் பற்றி அதுவரை நான் யோசித்ததே இல்லை. மறுபடி போய்ப் படித்தபோது, கணவன் இறந்த துக்கத்தில் அவள் உறைந்துபோனதும், அதனால்தான் மகள் அவ்வளவு சீக்கிரம் பெரியவளானதும் தெளிவாகத் தெரிந்தது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். இந்த நாவல்களில் மரணம், வன்முறை, காதல், தனிமை எல்லாம் வரும். அட்டையைப் பார்த்துப் பயந்து பிடுங்குவதற்குப் பதில் நீங்களும் படியுங்கள், பிறகு பேசுங்கள். பிள்ளைகளே, ஒரு கதை உங்களுக்குள் இருக்கும் வலியைக் கிளறி, அது அடங்காமல் போனால் தனியாகச் சுமக்காதீர்கள். நம்பிக்கையான அத்தையிடமோ ஆசிரியரிடமோ சொல்லுங்கள். அதுவும் முடியாவிட்டால், மனநல ஆலோசனைக்கு 14416, குழந்தைகள் உதவிக்கு 1098. இரண்டும் கட்டணமில்லாத அழைப்புகள்.

8. பொதுத் தேர்வு நாட்களும் அதன் பிறகும்

பொதுத் தேர்வில் ஒரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும் இடையில் சில நாட்கள் விடுவார்கள். தேர்வு எழுதிவிட்டு வந்த அன்று மாலை எந்தப் பாடமும் தலையில் ஏறாது. விடைகளைச் சரிபார்த்துத் தோழிகளோடு கலங்கிக்கொண்டிருக்கும் அந்த இரண்டு மணி நேரத்தை நாவலுக்குக் கொடுங்கள். இருட்டியதும் அடுத்த பாடத்தைத் தொடங்கலாம். கணக்குக்கும் வேதியியலுக்கும் முந்தின நாள் மட்டும் எந்த நாவலையும் தொட வேண்டாம்.

கடைசித் தேர்வு முடிந்த வாரத்திலேயே நூலக உறுப்பினர் அட்டையைப் புதுப்பித்துவிடுங்கள், ஏனென்றால் ஏப்ரலில்தான் பெரிய புத்தகங்களுக்கு இடம் கிடைக்கும். மார்கஸ் ஸூசாக்கின் ‘தி புக் தீஃப்’ 2005இல் வந்தது, 500 பக்கங்களுக்கு மேல். நாஜி ஜெர்மனியில் புத்தகம் திருடும் ஒரு சிறுமியின் கதையை மரணமே சொல்கிறது. நீட் எழுதுகிறவர்கள் மே மாதத் தேர்வு முடியும் வரை அதைத் தள்ளிவையுங்கள், அதுவரை மஞ்சள் வாரப் புத்தகங்களே போதும். மற்றவர்கள் தாராளமாகத் தொடங்கலாம். ஆனால் அதைக் காலையில் தொடங்குங்கள்; முடிவை நெருங்கும்போது அழுகை வரும், அப்போது வீட்டில் யாராவது விழித்திருப்பது நல்லது.